சும்மா விசாரிக்க வந்தோமுங்க

என் ஓய்வு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னேன். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, வைத்ததை மறந்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். சுருக்கமாகப் பேசியதற்காக என்று நினைக்கிறேன்.

பேசாததை எழுதிக் கொடுங்கள், சங்க மலரில் போடுகிறோம் என்று கிராம உதவியாளர் சங்கத்துத் தம்பிகள் சொன்னார்கள். எதைப் பற்றி எழுத என்று கேட்டேன்.

"வாரிய வீட்டுக்கு வருமானம் எப்படிக் கணக்குப் பண்ணுவீங்கன்னு எழுதுங்கண்ணா. இப்ப நெம்பக் கூட்டம். ஒருத்தனும் நெசத்தைச் சொல்ல மாட்டீங்கறான்."

அப்போதும் ஒருத்தனும் சொன்னதில்லை தம்பிகளா. இப்போது பொய்யைச் செல்போனில் டைப் செய்கிறார்கள். அப்போது நாங்கள் நடந்து போய்க் கேட்டு வாங்கி வந்தோம். வேறு வித்தியாசம் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. இந்த வேலைக்கு ஐந்தாம் வகுப்பும் சைக்கிளும் போதும். நேர்காணலில் பேப்பரில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு தாலுகா ஆபீஸ் வேப்ப மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் திக்கினேன், சைக்கிளில் திக்கவில்லை. வேலை கிடைத்தது. கிராம உதவியாளர், ஊரில் தலையாரி என்பார்கள். வேலை என்னவென்றால், கிராம நிர்வாக அலுவலர் முன்னால் போவார், நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அரசாங்கத்தில் கிடையாது. யாராவது என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால், முன்னால் இருப்பவரைக் காட்டிவிடலாம். முப்பது வருடத்துக்கு நெருக்கமாக அப்படியே ஓட்டிவிட்டேன். வயது இன்னும் பாக்கி இருந்தது. முட்டிதான் முந்திக்கொண்டு ஓய்வு வாங்கிவிட்டது.

எனக்கு வாய்த்த அலுவலர்களில் நல்லதம்பி சார் தனி ரகம். எங்கள் பக்கம் பழைய ஆட்கள் கிராம நிர்வாக அலுவலரை இன்னும் மணியக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துண்டு. யாரையும் அதட்ட மாட்டார். வாசலில் நாய் குரைத்தால்கூட "ஏனுங்க, சித்த இருங்க" என்றுதான் சொல்வார். நாயும் இருக்கும்.

வீட்டு வாரியம் ஏழைகளுக்குக் கட்டுகிற அடுக்குமாடியில் வீடு வேண்டுமென்றால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதற்குத் தாசில்தார் சான்று வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் அது முதலில் மணியக்காரர் கம்ப்யூட்டருக்கு வரும். அவர் விசாரித்து இவ்வளவு வருமானம் என்று எழுத வேண்டும். அதற்கு மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். மேலே போகப் போக யாரும் வீட்டைப் பார்த்ததில்லை. ஆக, ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்று கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் பை தூக்குகிறவர்.

இது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் எங்கள் தாலுகாவுக்கு வந்ததில்லை. மாதச் சம்பளக்காரன் என்றால் சம்பளச் சீட்டைப் பார்த்து எழுதிவிடலாம். எங்கள் பக்கம் மாதச் சம்பளம் வாங்குகிறவன் யார்? போர்வெல் வண்டியில் போகிறவன் எட்டு மாதம் வடக்கே துளை போட்டுவிட்டு மொத்தமாகப் பணத்தோடு வருவான். ஊரில் இருக்கிற நாலு மாதத்தில் போய்க் கேட்டால், "வேலையே இல்லீங்க, சும்மாதானுங்க உக்காந்திருக்கறேன்" என்பான். உண்மைதான், உட்கார்ந்துதான் இருப்பான். தறி ஓட்டுகிறவனைக் கேட்டால், முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்தது போக மிச்சம் கையில் வருவதுதான் வருமானம் என்பான். தோட்டக்காரரிடம் வருமானம் என்று கேட்பதே மரியாதைக் குறைவு. கிணற்றைக் காட்டுவார். அதில் தண்ணீர் இருக்காது. நான் எட்டிப் பார்த்த கிணறுகளில் எதிலும் விசாரணை நாளன்று தண்ணீர் இருந்ததில்லை.

கோழிப் பண்ணையில் தங்கி வேலை பார்க்கிற ஒரு குடும்பம் ஒரு தடவை விண்ணப்பம் போட்டிருந்தது. கூலி இவ்வளவு, குடியிருக்க ரூம் இனாம், கரண்ட் இனாம். அதோடு தினமும் உடைந்த முட்டைகளை எடுத்துக்கொள்ளலாம். சார் பேனாவை நிறுத்திவிட்டார். உடைந்த முட்டை வருமானத்தில் சேருமா, சேராதா?

மேலே போன் போட்டுக் கேட்டார். சேர்த்து எழுதுங்கள் என்றார் ஒருவர், அதையெல்லாம் எழுதாதீர்கள் என்றார் இன்னொருவர், முட்டை என்ன விலை என்று கேட்டார் மூன்றாமவர். சார் போனை வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மிணி, உடைஞ்ச முட்டைய என்ன பண்ணுவீங்க?"

"திம்போமுங்க."

"யாருக்காச்சும் விப்பீங்களா?"

"எங்க பசங்க வாயிலிருந்து புடுங்கித்தானுங்க விக்கோணும்."

"அப்பச் சேராதுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். "தின்னா சோறு, வித்தா வருமானம்." இதை எந்த அரசாணையிலும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் கிராமத்தில் இதுதான் சட்டம்.

அவருடைய விசாரணை முறையை ஊன்றிச் சொல்ல வேண்டும். விண்ணப்பக்காரர் வீட்டுக்கு முதலில் போக மாட்டார். பக்கத்து வீட்டுக்கும் போக மாட்டார். பக்கத்து வீட்டுக்காரன் ஒன்று சொந்தக்காரனாக இருப்பான், இல்லையென்றால் சந்துத் தகராறு இருக்கும். இரண்டு பேருமே சரியான கணக்குச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது வீடுதான் சாருக்கு. அங்கே போய் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்ல மாட்டார். சான்று என்ற சொல்லை எடுத்தால், தெருவே ஒரே நிமிடத்தில் பரம ஏழையாகிவிடும் என்பார். அதனால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மா விசாரிச்சுட்டுப் போலாமுன்னு வந்தோமுங்க" என்று மட்டும் சொல்லுவார். பிறகு பையன் என்ன செய்கிறான், பழக்க வழக்கம் எப்படி, வரவு செலவு எப்படி என்று ஊர்ப் பேச்சு மாதிரிக் கேட்டுக்கொண்டே கணக்கெடுப்பார். பல வருடம் இந்த முறை தப்பியதே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தப்பியது பாவாயி அம்மாவின் விஷயத்தில்.

புதுச்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு கிராமத்தைச் சாருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். அங்கே எங்கள் முகம் யாருக்கும் பழக்கம் இல்லை. பாவாயி கணவனை இழந்தவர். முட்டை அடுக்குகிற செட்டில் கூலி வேலை. ஒரே மகன் சரவணன், லாரி டிரைவர், முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேரும் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் லைனை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறேன், காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். வாரிய வீடு கிடைக்காவிட்டால் சாமான்களை ரோட்டில்தான் வைக்க வேண்டும். அந்த அம்மா விண்ணப்பம் போட்டிருந்தார். வாரியம் முகாம் நடத்துகிற நாளுக்குள் சான்று கையில் இருக்க வேண்டும்.

நாங்கள் விசாரிக்கப் போன நாள் நல்ல முகூர்த்த நாள். சார் நேராக ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், கூடவே தேங்காய் வெற்றிலை போட்ட தாம்பூலப் பை. அவருடைய பங்குக்கு ஒன்று, எனக்கென்று ஒன்று. இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்றாவது வீட்டில் ரத்தினா என்று ஒரு அம்மா இருந்தார். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர் எங்களை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"பாவாயி அம்மாவோட பையனைப் பத்திச் சும்மா விசாரிச்சுட்டுப் போலாமுன்னு வந்தோமுங்க" என்றார் சார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி நாற்காலி கொண்டு வந்தார். இரண்டாவது நாற்காலி இல்லை, எனக்காக எதிர்வீட்டில் வாங்கி வந்தார். அரசாங்க வேலையில் சேர்ந்த நாளிலிருந்து விசாரணைக்குப் போன இடத்தில் எனக்கு நாற்காலி போட்டது அங்கேதான்.

"வாங்க வாங்க, உக்காருங்க. பையன் தங்கமுங்க. குடி கெடையாது, பீடி கெடையாது. அம்மா சொன்னாத்தான் சோறே திம்பான்."

"தொழிலு?" என்றார் சார்.

"லாரிங்க."

"டிரைவருங்களா?"

ரத்தினா ஒரு கணம் யோசித்தார். "சொந்த லாரிங்க. அவனே ஓட்டிக்கறான், அவ்வளவுதான்."

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"மாசம் என்ன வருமுங்க?"

"அம்பதுக்குக் கொறையாதுங்க" என்றார் ரத்தினா.

"அம்பதுன்னா டீசல் போகவா, சேத்தா?" சார் கணக்கில் கறார்.

"எல்லாம் போகத்தானுங்க" என்றார் மளிகைக் கடைக்காரர். "எங்கடைல கடன்னு ஒரு நாள் நின்னதில்லீங்க. அடுத்த வருசம் ரெண்டாவது லாரி எடுக்கறதாப் பேச்சு."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என் முறையை என்று அர்த்தம். காபி வந்தது, கூடவே முறுக்கும் வந்தது. முறுக்கை உடைத்தபடி ரத்தினா சாதாரணமாகக் கேட்டார்:

"பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்க?"

சாருக்கு ஒரே மகள், நாமக்கல்லில் படித்துக்கொண்டிருந்தாள். தன் குடும்பத்தை அன்பாக விசாரிக்கிறார்கள் என்று அவருக்கு மகிழ்ச்சி. "நர்சிங் கடைசி வருசமுங்க" என்றார்.

"அடேயப்பா!" என்றார் மளிகைக் கடைக்காரர். என் பக்கம் திரும்பி, "நீங்க பொண்ணுக்கு மாமனுங்களா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இல்லீங்க, கூட வந்தவனுங்க" என்றேன்.

"கூட வர்றவங்கதானுங்க முக்கியம்" என்று எனக்கு இன்னொரு முறுக்கு கொடுத்தார்.

எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் விசாரிக்க வருகிறோம் என்றால், தெருவில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பெண் கிடைக்காமல் முப்பத்தைந்தைத் தொடுகிற பையன்கள் தெருவுக்கு நாலு பேர். விசாரிக்க ஆள் வந்தால் சொந்தமா பகையா என்று பார்க்காமல் தெருவே சேர்ந்து பையனைத் தூக்கி நிறுத்தும். அது அவர்கள் வழக்கம். எங்களுக்கு இது அன்று உறைக்கவே இல்லை. இரண்டு பேரும் முறுக்கைத் தின்றுவிட்டு வந்தோம். பாவாயி வீடு பூட்டியிருந்தது. சார் ஆபீசுக்கு வந்து, ஆண்டு வருமானம் ஆறு லட்சம் என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்.

சான்று வந்த அன்றே பாவாயி ஆபீசுக்கு வந்துவிட்டார். செட்டிலிருந்து நேராக வந்திருந்தார். சேலையெல்லாம் முட்டைக் கறை.

"ஏனுங்க சாமி, எனக்கு ஆறு லட்சம் வருதாமா?"

சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஆமாங்க. நல்லா விசாரிச்சுத்தானுங்க எழுதியிருக்கறோம்."

"எங்கிருந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே பஸ் ஏறிப் போயி வாங்கிக்கறேன்."

"பையனுக்குச் சொந்த லாரி இருக்குதுங்களே."

"சொந்த லாரியா! பஞ்சர் ஆனாக்கூட ஓனரைக் கேட்டுத்தானுங்க எறங்குவான்." பிறகு சாரை உற்றுப் பார்த்தார். பட்டுக்கரை வேட்டிக்காரரை யாரோ அடையாளம் சொல்லியிருக்க வேண்டும். "அப்ப, நர்சிங் படிக்கற பொண்ணோட அப்பா நீங்கதானா?"

சாருக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. எனக்கும்தான். அவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுக்கவே இல்லை.

"தப்பு என்மேலதானுங்க" என்றார் கடைசியில், துண்டுக்குள்ளிருந்து. "மறுபடி விண்ணப்பம் போடுங்க. நாளைக்கே உங்க தெருவுக்கு வந்து, இது வருமான விசாரணைன்னு பட்டவர்த்தனமாச் சொல்லிக் கேட்டு எழுதிர்றேன்."

"வந்துராதீங்க சாமி!" என்று பாவாயி பதறிவிட்டார்.

காரணம் இதுதான். நர்சிங் படிக்கிற பெண் வீட்டில் இருந்து பட்டுக்கரை வேட்டிக்காரர் காரில் விசாரிக்க வந்தார் என்று செய்தி பரவிவிட்டது. நாங்கள் போனது பஸ்ஸில், காரை யார் சேர்த்தார்களோ தெரியாது. அதைக் கேட்டு, இதுவரை திரும்பிப் பார்க்காத கல்யாணத் தரகர் தானாக வந்திருக்கிறார். எருமப்பட்டிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, பெண்ணின் அப்பா அடுத்த நாளே விசாரிக்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நாளைக்கு அவங்க ஒரு பக்கம் வாராங்க. நீங்க ஒரு பக்கம் வந்து, இவங்க ஏழைதானுங்களான்னு கேட்டீங்கன்னா என் பையன் கதி என்னாகும்? ரெண்டு பேருக்கும் ரத்தினா எப்படிப் பதில் சொல்லுவா?" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்வது போல் சொன்னார். "வருமானம் இருந்தா ஊடு இல்லைங்கறீங்க. வருமானம் இல்லீனாப் பொண்ணு இல்லைங்கறாங்க. ஊடு இல்லீனாலும் பொண்ணு இல்லையாமா. எனக்கு ஒரு வழி சொல்லுங்க சாமி."

சார் துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு, தெருவுக்குள் காலே வைக்காமல் கணக்கெடுப்போம் என்றார்.

முதலில் முட்டை செட். பாவாயியின் கூலி மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு, வருடத்துக்குத் தொண்ணூறாயிரம். அடுத்தது லாரி ஓனர். அவர் போன வருடம் முழுக்கச் சரவணனுக்குக் கொடுத்த டிரிப் கூலி ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். லாரி எஃப்.சி. சோதனைக்கு நின்றது, லோடு கிடைக்காமல் நின்றது எல்லாம் போக இவ்வளவுதான். மொத்தம் இரண்டரை லட்சம். அத்தோடு விட்டிருக்கலாம். சார் விடவில்லை. டிரிப்பில் இருக்கிற நாள்களுக்குச் சாப்பாட்டுக்கென்று படி கொடுப்பார்கள். அதை என்ன செய்வது? சரவணனுக்கே போன் போட்டார். நாக்பூர்ப் பக்கம் எங்கோ லோடுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் ஹாரன் சத்தம்தான் முதலில் வந்தது.

"தம்பி, படியெல்லாம் சாப்பாட்டுக்கே சரியாப் போயிருமல்லங்க?" என்று கேட்டார் சார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்தது. கேள்வியிலேயே பதிலை வைத்துத்தான் கேட்டார்.

"இல்லீங்க சார். வண்டியிலயே ஸ்டவ்வு வெச்சு ஆக்கிக்குவேன். ராத்திரிக்கு ஆக்க மாட்டேன். மாசம் மூவாயிரம் மிச்சம் புடிச்சு அம்மாவுக்கு அனுப்பீருவேனுங்க."

பாவாயி தலையில் அடித்துக்கொண்டார். "இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்! கேக்கறது என்னன்னே தெரியாம நெசத்தைச் சொல்றான் பாருங்க."

லாரி ஓடுகிற பத்து மாதத்துக்கு மூவாயிரம் வீதம் முப்பதாயிரம். சார் அதையும் சேர்த்தார். இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.

"தின்னாச் சோறு, மிச்சம் புடிச்சா வருமானம்" என்றார். பேனாவை மூடி வைத்தார். "பையன் பட்டினி கெடந்ததுக்கு வருமானம்னு பேர் வெச்சு எழுதியிருக்கறேன். என்ன உத்தியோகம் பாரு" என்றார்.

மூன்று லட்சத்துக்குள்தான் இருந்தது. புதுச் சான்று முகாமுக்கு முன்பே வந்துவிட்டது.

இதற்கிடையில் பெண்ணின் அப்பாவும் விசாரிக்க வந்து போயிருந்தார். ரத்தினா நாற்காலி போட்டார், மளிகைக் கடைக்காரர் இரண்டாவது லாரியையும் ஓட்டவிட்டார். வந்தவருக்குப் பரம திருப்தி. அவரும் பேச்சோடு பேச்சாக, "மூணு ஊடு கட்டீட்டிருக்கறேனுங்க. அந்த வேலையில இந்தப் பக்கம் வரவே முடியல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வீட்டுக்காரர் சம்பந்தமா என்று தெருவே வாயடைத்துப்போனது. பாவாயிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பல கிராமத்துக்காரர்கள் கூட்டம். பெயரைக் கூப்பிட்டால் மேடைக்குப் போய்ச் சான்றுகளைக் காட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருப்பவர்களுக்கு அன்றைக்கே குலுக்கல் போட்டு எந்த மாடி என்று சொல்லிவிடுவார்கள். பெயர் கூப்பிட ஆள் இல்லை. வாரியத்துக் கிளார்க் என்னைப் பிடித்து மைக்கைக் கொடுத்துவிட்டார். என் அதிர்ஷ்டம் அப்படி.

கையில் மைக்கோடு நான் வேர்த்துக்கொண்டிருந்தபோது பாவாயி மேடையோரம் வந்தார்.

"சாமி, அந்தத் தூணோரம் பாருங்க, கோடு போட்ட சட்டை. அவருதான் பொண்ணோட அப்பா. என்னைத் தொவச்சுக் காயப் போடோணும்னே இங்க வரைக்கும் விசாரிக்க வந்துட்டாரு போல. எம்பேரை மெதுவாக் கூப்புடுங்க சாமி. வருமானத்தை வாயிலேயே எடுத்துராதீங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு போட்ட சட்டையே என்னிடம் வந்தது.

"தலையாரிங்களா? எம்பேரு ராமசாமிங்க. கட்டட மேஸ்திரி. பேரைக் கொஞ்சம் மெதுவாக் கூப்புடுங்க. அதா, அந்த அம்மா நமக்குச் சம்பந்தி ஆகப்போறவங்க. எதுக்கு வந்திருக்கறாங்கன்னு தெரியல. ஒருவேளை என்னைப் பத்தி விசாரிக்கத்தான் வந்திருப்பாங்க."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, மெதுவாகப் பேசச் சொல்லி இரண்டு பேர் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். இதை என்னைவிடச் சிறப்பாகச் செய்ய ஆள் கிடையாது. பாவாயி முறை வந்தபோது மைக்கைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவது போல் கூப்பிட்டேன்.

நன்றாகத்தான் போயிருக்கும். கூட்டத்தில் இன்னொரு பாவாயி இருந்தார். முன்வரிசையில் இருந்ததால் என் மூச்சு அவருக்கு மட்டும் கேட்டுவிட்டது. அவர் மேடைக்கு வந்துவிட்டார். எங்கள் பாவாயியும் எழுந்து வந்தார். சான்றுகள் மாறிப்போய் மேடையில் ஒரே குழப்பம். கிளார்க் பொறுமை இழந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எந்தப் பாவாயிங்க? சரவணன் அம்மா பாவாயி மட்டும் வாங்க! முட்டை செட் கூலி! பையன் வாடகை லாரி டிரைவர்! வருசத்துக்கு ரெண்டு லட்சத்து எம்பதாயிரம்! அவங்க மட்டும் வாங்க! அடுத்து ராமசாமி ரெடியா இருங்க. கட்டட வேலைக் கூலி, சொந்த வீடு இல்லை!"

மண்டபம் முழுக்க அது கேட்டது. வெளியே பரோட்டாக் கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பாவாயி மேடைப் படியில் நின்றுவிட்டார். ராமசாமி தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தார். தூண் சின்னது, அவர் பெரிய ஆள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட்டத்தில் நின்றிருந்த நல்லதம்பி சார் துண்டை முகத்துக்கு எடுத்துக்கொண்டுபோனார்.

பாவாயிதான் முதலில் வாயைத் திறந்தார். "மூணு ஊடு கட்டீட்டிருக்கறேன்னீங்க?"

"பொய் சொல்லலீங்க" என்றார் ராமசாமி. "மூணு கட்டீட்டுத்தானுங்க இருக்கறேன். ஒண்ணும் என்னுதில்லை, அவ்வளவுதான்." பிறகு அவரும் கேட்டார். "லாரி சொந்தமில்லீங்களா?"

"லாரி ஓடுதுங்க. பையன் ஓட்டறானுங்க. அதுல பொய்யில்லீங்க."

"ரெண்டாவது லாரி?"

"அது மளிகைக் கடைக்காரர் எடுத்ததுங்க. வாயில."

ராமசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பாவாயிக்கும் அப்படித்தான். கிளார்க் மட்டும் சிரிக்காமல், சான்றைக் காட்டுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்றார்.

அன்று இரண்டு பேருக்கும் வீடு கிடைத்தது, ஒரே கட்டடத்தில். கல்யாணம் முடிவானதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சார் அதற்கப்புறம் எந்த வாசலில் போய் நின்றாலும், "நாங்க பொண்ணு ஊட்டுக்காரங்க இல்லீங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். உடனே தெரு ஏழையாகிவிடும். பரவாயில்லை, அதற்கு நாங்கள் பழக்கப்பட்டவர்கள். ரத்தினா மட்டும் கல்யாணத்தில் சாரைப் பிடித்துக்கொண்டு, மகள் நர்சிங் முடித்துவிட்டாளா, எங்கள் தெருவில் இன்னொரு பையன் இருக்கிறான், சொந்த லாரி என்றார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது முகாம் முடிந்த நேரம்தான். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பாவாயியும் ராமசாமியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, குலுக்கலில் வந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்குளுக்கு எத்தனாவது மாடிங்க சம்பந்தி?" என்று கேட்டார் பாவாயி.

"மூணுங்க. உங்குளுக்கு?"

"கீழ் ஊடுங்க."

ராமசாமி விரல்விட்டு மாடிகளை எண்ணினார். "அப்ப எம்பொண்ணு கோவிச்சுட்டு அம்மா ஊட்டுக்கு வரோணும்னா மூணு மாடி ஏறோணுமுங்களே."

"ஏறட்டுமுங்க" என்றார் பாவாயி. "பாதி ஏறையிலயே கோவம் ஆறி எறங்கி வந்துரும்."